கல்தொட்டிக்கும் ஒரு கணக்கு வேண்டும்

சென்னைக் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயம் 1680இல் திறக்கப்பட்டது. அங்கே கருங்கல்லில் குடைந்த ஞானஸ்நானத் தொட்டி ஒன்று உண்டு. கல் பல்லாவரத்துக் கல். கல்கத்தாவை நிறுவியவர் என்று பாடப்புத்தகங்கள் சொல்லிவந்த ஜாப் சார்னாக், 1689இல் தம் மூன்று மகள்களுக்கும் இந்தத் தேவாலயத்தில்தான் ஞானஸ்நானம் செய்வித்தார். சில ஆண்டுகளில் அவர் கல்கத்தாவில் இறந்தபோது, கல்லறைக்கு வேண்டிய கல்லும் பல்லாவரத்திலிருந்துதான் போனது. அந்தக் கல்லை 1893இல் ஆராய்ந்த புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட், அந்தப் பாறை இனத்துக்கே சார்னாக்கைட் என்று பெயர் சூட்டினார். ஊரோ பல்லாவரம், வெட்டியவர்களோ தமிழ்க் கல்தச்சர்கள்; பெயர் மட்டும் கல்லறைக்குள் படுத்திருந்தவருக்குப் போய்விட்டது.

சேலத்துக்காரர்கள் இந்தக் கல்லைப் பார்க்கக் கோட்டைவரை போக வேண்டியதில்லை. ஏற்காடு மலையே பெரும்பாலும் சார்னாக்கைட்தான். சுமார் 250 கோடி ஆண்டு வயதுள்ள பாறை. சேலத்து மலைகளைச் சுற்றியுள்ள சமவெளியில், கிணற்றடியிலும் மாட்டுக் கொட்டகையிலும் கோயில் வாசலிலும் கருங்கல் தொட்டிகள் கிடக்கின்றன. பலவற்றுக்கு நூறு வயதுக்கு மேலிருக்கும். ஆனால் அவை எத்தனை, எங்கெங்கே என்று யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. எண்ண வேண்டும் என்பதுதான் இங்கே சொல்ல வருவது.

கிறிஸ்தவம் இந்தப் பக்கம் வந்தது ஞானஸ்நானத் தொட்டியோடு அல்ல. 1623இல் மதுரையிலிருந்து புறப்பட்ட சேசு சபைப் பாதிரியார் ராபர்ட் தெ நொபிலி, காவியுடை உடுத்த சந்நியாசியாகத்தான் சேந்தமங்கலம் வழியாகச் சேலம் வந்தார். சேந்தமங்கலத்து ராமச்சந்திர நாயக்கர் அவரை மரியாதையோடு வரவேற்றார். சேலத்திலோ முதலில் திரும்பிப் பார்க்க ஆளில்லை. பிறகு சேலம் நாயக்கரின் அண்ணன் திருமங்கல நாயக்கர் அவரிடம் ஞானஸ்நானம் பெற்றார். ஒரு செம்புத் தண்ணீர் போதுமாயிருந்த காலம் அது. நிலையாக ஒரு கல்லைக் குடைந்து வைக்க, முதலில் நிலையாக ஒரு கோயில் வேண்டும்.

இங்கிலாந்தின் கிராமங்களில் நிலைமை வேறு. பன்னிரண்டாம் நூற்றாண்டுத் தொட்டிகள் இன்றும் பல சிற்றூர்க் கோயில்களில் புழக்கத்தில் இருக்கின்றன. கம்பிரியா மாவட்டத்துப் பிரைட்கர்க் என்ற ஊரில் உள்ள தொட்டியில், செதுக்கிய ரிச்சர்டு தன் பெயரைப் பழைய ரூனிக் எழுத்தில் வெட்டி, சுத்தியலும் உளியுமாகத் தன் உருவத்தையும் ஒரு மூலையில் வைத்துவிட்டார். அந்தக் காலத்தில் மந்திரித்த தண்ணீரை மாதக்கணக்கில் இந்தத் தொட்டிகளிலேயே விட்டுவைப்பார்கள். மாந்திரீகத்துக்காக ஆட்கள் அதைத் திருடிப் போகிறார்கள் என்று சொல்லி, 1236இல் கேன்டர்பரி பேராயர் எட்மண்ட் எல்லாத் தொட்டிகளையும் மூடிப் பூட்டச் சொன்னார். பூட்டுக்கு அடித்த இரும்பின் வடு பல தொட்டிகளின் விளிம்பில் இன்றும் தெரியும்.

1640களில் உள்நாட்டுப் போர் மூண்டது. மதச் சீர்திருத்தவாதிகளின் கை ஓங்கியதும் தொட்டிகள் பல வெளியே வீசப்பட்டன. சில உடைந்தன, சில பண்ணைகளுக்குப் போய் மாட்டுத் தொட்டி ஆயின. 1660இல் மன்னராட்சி திரும்பிய பிறகு, அவற்றில் சிலவற்றைத் தேடிக் கண்டுபிடித்துக் கோயிலுக்குள் கொண்டுவந்தார்கள். எந்தத் தொட்டி எந்தக் கோயிலுடையது என்று ஊருக்குத் தெரிந்திருந்தால்தானே இது நடந்திருக்கும்.

இங்கே பயணம் நேர் எதிர்த் திசையில். சின்டெக்ஸ் டேங்க்கும் சிமென்ட் தொட்டியும் வந்தபின் கிணற்றடிக் கல்தொட்டி அநாதையானது. கவலை ஏற்றம் போய் மோட்டார் வந்து எத்தனையோ காலமாயிற்று. வண்டி மாடும் அருகிவிட்டது. பழைய பொருள் வாங்குபவர் ஒருநாள் டெம்போவோடு வருகிறார். மாடு குடித்த தொட்டி, நெடுஞ்சாலை உணவகத்து வாசலில் அல்லிப்பூ மிதக்கும் அலங்காரப் பாத்திரமாகிறது. விற்ற குடும்பத்தைக் குறை சொல்ல முடியாது. வாங்கியவரையும் பெரிதாகச் சொல்வதற்கில்லை, பூவாவது மிதக்கிறது. ஜல்லி கிரஷருக்குப் போவதைவிட மேல். ஆனால் தொட்டி எந்த ஊரில் இருந்தது, யார் தர்மத்துக்காக வைத்தார், விளிம்பில் வெட்டிய எழுத்து என்ன என்பதெல்லாம் டெம்போ கிளம்பும்போதே அழிந்துவிடுகிறது.

சட்டம் கைகொடுக்குமா? நூறாண்டுக்குக் குறையாத, வரலாற்று மதிப்புள்ள பொருள் தொல்பொருள்தான் என்று 1972ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. நடைமுறையில் சிலைக்கும் செப்பேட்டுக்கும் கிடைக்கும் கவனத்தில் கால்பங்குகூட மாட்டுத் தொட்டிக்குக் கிடைக்காது. நாமக்கல் குடைவரைகளைப் பார்க்க வெளிநாட்டிலிருந்தும் ஆய்வாளர்கள் வருகிறார்கள். அந்த மலையின் அடிவாரத் தெருவில் ஓரமாகக் கிடக்கும் உரலை நாய்தான் சீண்டும்.

எல்லாவற்றையும் அருங்காட்சியகத்துக்குத் தூக்கிப் போங்கள் என்று சிலர் கேட்பார்கள். அது வேண்டாம். சேலம் அரசு அருங்காட்சியகத்தின் முற்றத்தில் ஐம்பது தொட்டிகளை வரிசையாக வைத்தால், ஐம்பது ஊர்களின் நினைவு ஒரே குவியலாகிவிடும். தொட்டி இருக்கும் இடத்தில் இருக்கட்டும். மாடு இருந்தால் குடிக்கட்டும். கோட்டைத் தேவாலயத்துத் தொட்டிக்கு மதிப்பு கூடியது, பக்கத்திலேயே ஞானஸ்நானப் பதிவேடு பத்திரமாக இருந்ததால்தான். பதிவேடு இல்லையென்றால் சார்னாக்கின் மகள்கள் இங்கே வந்த செய்தியே யாருக்கும் தெரிந்திராது.

தேவாலயங்களுக்கும் இதில் பங்கு உண்டு. பழைய கட்டடத்தை இடித்துப் பெரிதாகக் கட்டும் ஆசை எல்லா மதத்தாருக்கும் பொது. கிரானைட் தரை, மார்பிள் பீடம் என்று வரும்போது, தாத்தா பாட்டி திருமுழுக்குப் பெற்ற தொட்டி பின்கட்டுக்குப் போகிறது. கோயில் திருப்பணியிலும் இதே கதைதான், அபிஷேக நீர் விழும் கல்தொட்டி குப்பை மேட்டில் கிடக்கும்.

இந்தக் கணக்கெடுப்புக்குச் செலவு பெரிதாக ஒன்றுமில்லை. ஊராட்சிக்கு ஒரு நோட்டு, ஒரு கைபேசிக் கேமரா. நீளம், அகலம், ஆழம், எழுத்து இருந்தால் அதன் படம், யார் வீட்டு அல்லது எந்தக் கோயில் தொட்டி என்று பெரியவர்கள் சொல்வது. பள்ளிப் பிள்ளைகளே ஒரு வாரத்தில் முடிப்பார்கள். விற்பதானால் விற்கட்டும், விற்பதற்கு முன் நோட்டில் ஏறியிருக்க வேண்டும். நவம்பர் 1 உள்ளாட்சி நாள் கிராம சபையில் குடிநீர், சாலைக் கணக்குகள் எப்படியும் வரும். அவற்றோடு இதையும் ஒரு தீர்மானமாக, சேந்தமங்கலம் ஒன்றியத்தில் ஏதாவது ஓர் ஊராட்சி முதலில் எழுதலாம்.