வட்டக் கோபுரத்தில் ஒரு யானைப்பாதை

ஹ்விடோவ்ரே நிலையத்தில் ரயிலேறினால் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் கோபன்ஹேகன் மையம் வந்துவிடும். அதற்கு எங்கள் வீட்டில் ஒன்றரை மணி நேரம் ஏற்பாடு நடந்தது. இரண்டு வயது மகளுக்கு மாற்றுடை, டயப்பர், தயிர்சாதம். எழுபத்தொரு வயது அம்மாவுக்கு மாத்திரை டப்பா, வெந்நீர் ஃபிளாஸ்க், முழங்கால் பட்டை. அம்மா மயிலாடுதுறையிலிருந்து வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. சுங்குடிச் சேலை, அதன்மேல் என் பழைய குளிர்கோட்டு, காலில் வெள்ளை ஸ்போர்ட்ஸ் ஷூ. ஐரோப்பாவின் எந்தச் சதுக்கத்திலும் இந்தக் கோலத்தில் ஓர் அம்மாவைப் பார்க்கலாம். எதிரே போனை நீட்டியபடி மகன் நிற்பான்.

பழைய நகரம் ஒன்றை எடைபோட இந்த இரண்டு பேரைவிடக் கறாரான ஆட்கள் கிடைக்கமாட்டார்கள். குழந்தைக்கு நடக்கத் தெரியும், நேராக நடக்கத் தெரியாது. அம்மா நேராக நடப்பார், நெடுநேரம் நடக்க மாட்டார். உட்கார இடம், ஒதுங்க இடம், தடுக்காத தரை என்று இருவர் கேட்பதும் ஒன்றுதான்.

ரயிலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சைக்கிளுக்கும் குழந்தை வண்டிக்கும் தனியாக இடம் விட்டிருக்கிறார்கள். 2010 முதல் சைக்கிளுக்குக் கட்டணமும் கிடையாது. பெரியவர் ஒருவரோடு 12 வயதுக்குக் கீழே இரண்டு பிள்ளைகள் டிக்கெட் இல்லாமல் போகலாம். குழந்தை வண்டியை ‘லக்கேஜ்’ என்று முறைத்துப் பார்ப்பவர் யாருமில்லை. பிறந்த குழந்தையை வண்டியோடு கடை வாசலில் தூங்கவிட்டு உள்ளே காபி குடிக்கும் ஊர் இது. 1997-இல் ஒரு டேனிஷ் தாய் இதையே நியூயார்க்கில் செய்து கைதானது இரண்டு நாட்டிலும் பெரிய செய்தி.

நோரபோர்ட் நிலையத்தைவிட்டு வெளியே வந்ததும் கல் தொடங்கியது. கருங்கல் பாவிய பழைய தெருவில் வண்டியின் முன்சக்கரம் இரண்டு கல்லுக்கு நடுவே மாட்டிக்கொண்டு திரும்ப மறுத்தது. பின்னால் அம்மாவின் கைத்தடியும் அப்படியே ஒரு இடுக்கில் இறங்கி நின்றது. “இதுக்கு நம்ம மாப்படுகை ரோடே தேவலாம்டா” என்றார். கார்களை 1962-இல் வெளியேற்றி, பிரதான கடைத்தெருவான ஸ்ட்ரோயெட்டை நடப்பவர்களிடம் கொடுத்ததற்காக உலகமே இந்த நகரத்தைப் பாராட்டுகிறது. நியாயமான பாராட்டுதான். ஆனால் நடப்பவர் என்றால் யார்? முப்பது வயதுக்காரரை மனதில் வைத்தே பெரும்பாலான நகரங்கள் அந்தச் சொல்லைப் பயன்படுத்துகின்றன.

வட்டக் கோபுரம் வேறு கதை. நான்காம் கிறிஸ்டியன் 1637-இல் தொடங்கி 1642-இல் கட்டி முடித்த வானாய்வுக் கோபுரம் அது. ஏறக்குறைய 35 மீட்டர் உயரம். உச்சியை நெருங்கும்வரை உள்ளே படி இல்லை. செங்கல் பாவிய அகலமான சரிவுப் பாதை நடுத்தூணை ஏழரைச் சுற்று சுற்றிக்கொண்டு மேலே போகிறது. நீளம் 209 மீட்டர். 1716-இல் ரஷ்யப் பேரரசர் பீட்டர் இதில் குதிரையிலேயே ஏறினார் என்றும், அரசி பின்னால் வண்டியில் வந்தார் என்றும் சொல்வார்கள். தூணை ஒட்டிப் போனால் செங்குத்து, வெளிச்சுவரை ஒட்டிப் போனால் சாய்வு குறைவு. இதை எந்தப் பலகையும் அம்மாவுக்குச் சொல்லவில்லை. இரண்டாம் சுற்றிலேயே வெளிச்சுவருக்கு மாறி, வெள்ளைச் சுவரில் உள்ளங்கையை வைத்துத் தேய்த்தபடி நடந்தார். ஒவ்வொரு ஜன்னல் மாடத்திலும் உட்கார்ந்தார். மாடத்துக்கு மாடம் பேத்தியும் ஏறி உட்கார்ந்து, இறங்கி, மறுபடி ஏறினாள். ஒருவருக்காக ஒருவர் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை.

தரங்கம்பாடி டேனிஷ்காரர் கைக்கு வந்ததும் இதே அரசர் காலத்தில்தான், 1620-இல், தஞ்சை ரகுநாத நாயக்கரோடு செய்த உடன்படிக்கையால். சொன்னேன். “நம்ம கோட்டைக்கும் இவந்தான் ராசாவா?” என்று அம்மா சுவரை இன்னொரு தடவை தொட்டுப் பார்த்தார்.

அந்த அரசர் பாட்டிமாரை நினைத்துச் சரிவுப் பாதை போடவில்லை. கோபுரத்தோடு சேர்ந்திருந்த பல்கலைக்கழக நூலகத்துக்குப் புத்தகமும், உச்சிக்கு எடைமிகுந்த வானியல் கருவிகளும் போக வேண்டியிருந்தது. பழனி மலையிலும் அப்படித்தான். படி ஏற மாட்டாதவர்கள் நிதானமாக ஏறும் வழிக்கு யானைப்பாதை என்றே பெயர். யானைக்கும் புத்தகத்துக்கும் யோசித்துப் போட்ட வழியில் மூட்டுவலிக்காரர் போகிறார். பழனியில் அதோடு நிற்கவுமில்லை. 1966-இல் விஞ்ச் வந்தது, 2004-இல் ரோப்கார் வந்தது. முருகன் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

கோபுரத்தின் கடைசிப் பகுதி குறுகிய படி. அம்மா கீழேயே நின்றுகொண்டார். ரோசன்போர்க் அரண்மனையும் இதே அரசர் கட்டியதுதான், ஆனால் சுழல்படி, லிஃப்ட் கிடையாது. நான் மட்டும் உள்ளே ஓடிப்போய்க் கிரீடத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். அரச பூங்கா பெஞ்சில் பாட்டியும் பேத்தியும் தயிர்சாதத்தை முடித்திருந்தார்கள். பதினொன்றரைக்குக் கரடித்தோல் தொப்பிக் காவலர்கள் அமாலியன்போர்க்குக் கிளம்பிப் போனதை அவர்கள் பார்த்தார்கள், நான் பார்க்கவில்லை. இழப்பு யாருக்கு என்பது அன்றிரவு வரை வீட்டில் விவாதமாக இருந்தது.

(பேத்தியின் தீர்ப்பு தனி. அவளுக்குப் பிடித்த சின்னம் ஹ்விடோவ்ரேயிலேயே இருக்கிறது. 2016-இல் தாமஸ் டாம்போ கழிவு மரத்தில் செய்த ராட்சசப் பெண் ட்ரீனே. விரித்த கையில் ஏறி நிற்கலாம், டிக்கெட் கிடையாது.)

இவ்வளவு நன்றாக வழிவிடும் ஊர், அம்மாவை 90 நாளைக்குமேல் வைத்துக்கொள்ளாது. அறுபது கடந்த பெற்றோர் பிள்ளைகளோடு வந்து குடியேற இருந்த வழியை டென்மார்க் 2002-இல் மூடியது. அதற்கு முன்னும் ஒரு கதை உண்டு. இலங்கைத் தமிழ் அகதிகள் மனைவி மக்களை வரவழைக்கக் கொடுத்த மனுக்களை, 1987-இல் நீதியமைச்சர் எரிக் நின்-ஹான்சன் சட்டத்துக்குப் புறம்பாகக் கிடப்பில் போட வைத்தார். விசாரணை அறிக்கை வந்ததும் 1993 ஜனவரியில் பிரதமர் பவுல் ஸ்லூட்டர் பதவி விலகினார். 1995-இல் நின்-ஹான்சனுக்கு நிறுத்திவைக்கப்பட்ட நான்கு மாதச் சிறை. அன்று சட்டத்தை மீறித் தடுத்தவர் தண்டிக்கப்பட்டார். 2002-இல் சட்டத்தையே மாற்றிவிட்டார்கள், தண்டிக்க யாருமில்லை. வருகையாளராக மட்டுமே வரமுடிந்த ஒரு தலைமுறைக்குப் பேரன் பேத்தி வளர்ப்பதே சுற்றுலா ஆகிவிட்டது.

மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடி போக விசா வேண்டாம். ஆனால் அம்மாவோடும் குழந்தையோடும் நம் ஊர்ச் சின்னம் எதற்குக் கிளம்பினாலும் முதல் கேள்வி “அங்க பாத்ரூம் இருக்குமா?” என்பதுதான். பெரிய கோயில் முற்றத்தில் மதிய வெயிலில் மிதியடி விரிப்பைவிட்டுக் கால் நழுவினால் எழுபது வயதுக்காரர் என்ன செய்வார்? வாசற்படிக்கு மரச்சரிவு கேட்டால் தொன்மை கெட்டுவிடும் என்கிறார்கள். அதே சுவரில் டியூப்லைட்டும் ஒயரும் அடிக்கும்போது அந்தத் தொன்மை எங்கே போயிருந்ததோ. மனமிருந்தால் எவ்வளவு விரைவில் முடியும் என்பதை மெரினா காட்டியது. 2022 நவம்பரில் மணலின்மேல் கடல்வரை மரப்பாதை போட்டார்கள். சக்கர நாற்காலியில் வந்த பலர் அன்று முதன்முறையாக அலையருகே போனார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைச் சிதைத்தது, மறுபடி சரிசெய்தார்கள். புயலுக்குப் பிறகு சரிசெய்ததைத்தான் நான் பெரிதாக எண்ணுகிறேன்.

தொல்லியல் துறைகளுக்கும் அறநிலையத் துறைக்கும் ஒரு சிறு வேண்டுகோள். லிஃப்ட், ரோப்கார் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். டிக்கெட் கவுண்டரில் கட்டண விவரத்துக்குக் கீழே இன்னும் மூன்று வரி எழுதி வையுங்கள்: உள்ளே எத்தனை படி, உட்கார எங்கே இடம், கழிப்பறை எந்தப் பக்கம்.