படத்துல இருக்கிறவங்களைக் கேட்டீங்களா?

இந்த முறை என் கட்டுரை கொஞ்சம் நீளம். இதழ் பொறுப்பு டீச்சரிடம் கேட்டு கூடுதலாகத் தாள் வாங்கித்தான் எழுதுகிறேன். நின்னுக்கிட்டே படிக்கக் கால் வலிச்சா பாதியை இன்னைக்கும் மீதியை நாளைக்கும் படிங்க.

டிசம்பர் 3 உலக மாற்றுத்திறனாளிகள் தினம். 1992-ல் ஐ.நா. சபை அறிவித்தது. அதுக்குத்தான் நம்ம அடுத்த இதழ். நடுவில் என்ன படம் வரையலாம்னு பேசினப்போ எல்லாரும் ஒரே குரலில் "சக்கர நாற்காலி" என்றார்கள். அக்டோபர் 10 மனநல நாள் வந்தா முழங்காலைக் கட்டிக்கிட்டு இருட்டு மூலையில் உட்கார்ந்திருக்கும் பெண். திருநங்கைகளைப் பற்றின்னா பாதி முகம் மீசை, பாதி முகம் பொட்டு. நாம மட்டும் இல்லை, பெரிய பத்திரிகைகளிலும் கட்டுரை பக்கத்தில் இதே மூணு படம்தான். என் கருத்து என்னன்னா, தமிழ்நாட்டில் சொல் மாறிப்போச்சு, படம் மட்டும் மாறவே இல்லை.

சொல் எப்படி மாறியதுன்னு பாருங்க. ஊனமுற்றோர் என்று இருந்தது மாற்றுத்திறனாளி ஆனது. இந்தியாவிலேயே முதல் முறையாக 2008-ல் திருநங்கைகளுக்கு நல வாரியம் வந்தது நம்ம மாநிலத்தில்தான். 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு தீர்ப்பு வந்தது. அந்த நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயம் தனக்கே சரியாகப் புரியவில்லை என்று சொல்லி, ஒரு உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். ஒரு நீதிபதியே பாடம் கேட்கப் போனார் என்பது எனக்கு ரொம்பப் பிடித்தது. அந்த வழக்கின் தொடர்ச்சியாக 2022-ல் அரசு ஒரு சொற்பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. பத்திரிகைக்காரர்கள் கேவலமான சொற்களை விட்டுவிட்டு இந்தச் சொற்களைப் பயன்படுத்தணும் என்பதற்காக. பால்புதுமையர் என்கிற சொல் அப்படித்தான் பரவியது. ஆண்னா இப்படி, பெண்னா இப்படின்னு போட்டு வச்ச கட்டத்துக்குள் அடங்காதவர்களுக்கும், தன் பாலினத்தவரையே விரும்புகிறவர்களுக்கும் பொதுவாகச் சொல்லும் சொல் அது.

சொல்லுக்குப் பட்டியல் வந்தது சரி. படத்துக்கு யார் பட்டியல் போடுவது?

முதலில் சக்கர நாற்காலி. வண்டி நிறுத்துமிடத்திலும் கழிப்பறையிலும் ஓட்டுச்சாவடி சாய்தளத்திலும் நீலத்தில் வெள்ளையாக இருக்குமே, அந்தப் படம் 1968-ல் வரைந்தது. வரைந்தவர் டென்மார்க் நாட்டு மாணவி, பெயர் சூசன் கோஃபோட். அவர் வரைந்தபோது அதில் உட்கார்ந்திருப்பவருக்குத் தலையே இல்லை! நாற்காலிதான் இருந்தது, ஆள் தெரியவில்லை. அப்புறம் கார்ல் மொண்டான் என்பவர் மேலே ஒரு வட்டம் போட்டார். அந்த வட்டம் வந்த பிறகுதான் அது மனுஷன் ஆச்சு. ரொம்ப வருஷம் கழித்து அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் சாரா ஹெண்ட்ரன் என்ற ஓவியரும் பிரையன் கிளென்னி என்ற தத்துவ ஆசிரியரும் பழைய பலகைகள் மேலே ஸ்டிக்கர் ஒட்டினார்கள். அதில் ஆள் முன்னால் சாய்ந்து, தானே சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு போகிற மாதிரி இருக்கும். 2014-ல் நியூயார்க் மாநிலம் அந்தப் படத்தைச் சட்டப்படி எடுத்துக்கொண்டது. ஆனா அதையும் எல்லாரும் பாராட்டவில்லை. கையால் தள்ள முடியாதவங்க நாங்க என்ன ஆவது என்று மாற்றுத்திறனாளிகளிலேயே சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதானே. ஒரே ஒரு படத்துக்குள் எல்லாரையும் திணிக்கப் பார்த்தா இப்படித்தான் ஆகும்.

நம்ம நாட்டுச் சட்டம் 1995-ல் ஏழு வகை மாற்றுத்திறனைச் சொன்னது. 2016-ல் வந்த சட்டம் 21 வகை சொல்கிறது. கண், காது, தொழுநோயிலிருந்து குணமானவர்கள், கற்றல் குறைபாடு, தலசீமியா என்கிற ரத்தக் கோளாறு, மனநோய் எல்லாம் அதில் உண்டு. இதில் எத்தனை பேர் சக்கர நாற்காலியில் இருக்கிறார்கள், நீங்களே யோசிங்க. பாதிப் பேரைப் பார்த்தால் நமக்குத் தெரியவே தெரியாது. நம்ம பெஞ்சிலேயே பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம்.

காது மிஷின் மாட்டியிருக்கும் ஒரு தம்பியிடம் நான் கேட்டேன். உன்னைப் படமா போட்டா எப்படிப் போடணும்? அவன் யோசிக்கவே இல்லை. "கபடியில ரைடு போற மாதிரி போடுங்கக்கா. மிஷின் என் காதுல இருக்கக் கூடாது, எங்க அக்கா கையில இருக்கணும்" என்றான். வியர்வை பட்டா கெட்டுப்போகும்னு ஆடும்போது கழட்டிக் கொடுத்துடுவானாம். எனக்கு இது தோன்றியிருக்கவே தோன்றியிருக்காது. நானா வரைஞ்சிருந்தா பெரிய காது ஒண்ணு போட்டு அதில் மிஷினை மாட்டியிருப்பேன். கோட்டுக்கு வெளியே மிஷினைக் கையில் பொத்திக்கொண்டு நிற்கும் அந்த அக்கா இருக்காங்களே, அதுதான் படம். எந்தப் பத்திரிகையிலும் நான் அதைப் பார்த்ததில்லை.

அடுத்தது கூவாகம். நம்ம உளுந்தூர்பேட்டை பக்கம்தான், உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சித்திரையில் திருவிழா, அரவானுக்குத் தாலி கட்டிக்கொள்வது, மறுநாள் வளையல் உடைத்து வெள்ளைச் சேலை கட்டி அழுவது எல்லாம் தெரியும். அதனால் பத்திரிகையில் வருவதும் இரண்டே படம். முதல் நாள் மல்லிகைப்பூவும் உதட்டுச்சாயமும், அடுத்த நாள் அழுகை. மீதி 363 நாள் அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று யாரும் படம் போடுவதில்லை. பிரித்திகா யாஷினி என்ற திருநங்கை 2017-ல் தர்மபுரி மாவட்டத்தில் சப்-இன்ஸ்பெக்டர் ஆனார். போலீஸ் வேலைக்கு விண்ணப்பிக்கவே கோர்ட்டுக்குப் போக வேண்டியிருந்தது அவருக்கு. நர்த்தகி நடராஜ் நடனத்துக்காக 2019-ல் பத்மஸ்ரீ வாங்கினார். காக்கிச் சட்டையும் சலங்கையும் வரைய அப்படி என்ன கஷ்டம்? திருநம்பி என்ற சொல் இருப்பதாவது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? பெண்ணாகப் பிறந்ததாகப் பதிவாகி ஆணாக வாழ்பவர். அவர்களுக்குப் பழைய படம்கூட இல்லை, வெறும் தாள்தான்.

அந்தப் பாதி முகப் படத்தைப் பற்றியும் சொல்லணும். திருச்செங்கோட்டில் அர்த்தநாரீஸ்வரர் பாதி ஆண் பாதி பெண். சாமிக்கு அது அழகு. ஆனால் திருநங்கை என்பவர் பாதி பெண் கிடையாது. அவர் தன்னை முழுசாகப் பெண் என்றுதான் சொல்கிறார். நாம் படத்தில் நடுவில் கோடு கிழித்து அவரைப் பாதியாக்குகிறோம். வானவில்லும் அப்படித்தான். 1978-ல் அமெரிக்காவில் கில்பர்ட் பேக்கர் செய்த கொடி, நல்ல விஷயம்தான். ஆனா நம்ம ஊரில் வானவில் வரைஞ்சு ஒட்டினா மழையைப் பற்றிய கட்டுரை போலன்னு போயிடுவாங்க.

ஒரு அம்மாவை எனக்குத் தெரியும். எந்தத் தெரு என்று கேட்காதீங்க, சொல்ல மாட்டேன். அவங்க பெற்ற பிள்ளை வீட்டை விட்டுப் போய் ரொம்ப வருஷம் ஆச்சு. இப்போ திருநங்கையாக இருப்பதாகக் கேள்வி. சித்திரை மாதம் அந்த அம்மா டீக்கடைக்கு ஆள் விட்டுப் பேப்பர் வாங்கிவரச் சொல்வார். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாது. படத்தைத்தான் பார்ப்பார், ஒவ்வொரு முகமாக. அதில் எல்லாரும் அழுதுகொண்டே இருப்பார்கள். "எம்புள்ள அங்க அழுதுகிட்டேதான் இருக்குமா?" என்று ஒரு தடவை என்னிடம் கேட்டார். இல்லை, அது அரவானுக்காக அழுவது, சடங்கு, என்று சொன்னேன். நம்பின மாதிரி தெரியவில்லை. அவர் கையில் இருந்தது அந்தப் படம்தானே. என் பேச்சு எப்படி எடுபடும்?

மனநலத்துக்கு வருகிறேன். 2001 ஆகஸ்ட் 6-ல் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகம் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்களைச் சங்கிலியில் கட்டி வைத்திருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். நாம் பிறப்பதற்கு முன்னால் நடந்தது. அதற்குப் பிறகு சட்டம் மாறியது, 2017-ல் புதிய மனநலச் சட்டத்தில் சங்கிலி போடுவதே தடை. ஆனால் இன்னைக்கும் மனநோய் என்று வரையச் சொன்னால் கை தானாகச் சங்கிலியையும் கிறுக்கல் மண்டையையும் இருட்டையும் வரைகிறது.

இதனால் என்ன கெட்டுப்போச்சு, வெறும் படம்தானே என்று என் தோழி கேட்டாள். கெட்டுப்போகுது. எனக்குத் தெரிந்த ஒரு அக்கா மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறார். காலையில் எழுந்து வாசல் தெளித்துக் கோலம் போடுவார், களை எடுக்கப் போவார், சாயங்காலம் சிரிச்சுப் பேசுவார். ராத்திரியில்தான் தூக்கம் வராது, சோறு இறங்காது. வீட்டில் சொன்னபோது "உனக்கு என்னடி, நல்லாத்தானே இருக்கே" என்றார்கள். ஏன்னா அவர்கள் பார்த்த படத்தில் மனநோய் வந்தவர் மூலையில் உட்கார்ந்திருப்பார். இவர் கோலம் போட்டுக்கொண்டிருந்தார். அந்த ஒரு பேச்சிலேயே ஆஸ்பத்திரிக்குப் போகாமல் ஒரு வருஷம் ஓடிப்போனது. தூங்காமல், சாப்பிடாமல் ஒரு வருஷம். அதனால் மனநலக் கட்டுரைக்கு நான் வரையச் சொல்வது, கோலம் போடும் பெண்ணையே. பக்கத்தில் 14416 என்று எண் போடணும். டெலி மானஸ், 2022-ல் வந்தது, இலவசம், ராத்திரியிலும் தமிழில் பேசலாம். தற்கொலை பற்றி எழுத நேர்ந்தால் கயிறு, விஷப் பாட்டில் எதுவும் வேண்டவே வேண்டாம். அப்படிச் செய்தி போடும் விதத்துக்குப் பத்திரிகைகளுக்கே 2019-ல் இந்தியப் பத்திரிகை கவுன்சில் கட்டுப்பாடு சொல்லியிருக்கிறது.

மூணையும் ஒரே தாளில் போட்டு விடலாமே என்று ஒரு யோசனை வந்தது. மாற்றுத்திறனும் மனநலமும் ஒரே சட்டத்தில் வருகிறது, பக்கத்தில் பக்கத்தில் போடலாம். ஆனால் பால்புதுமையரை நோய்ப் படத்தின் பக்கத்தில் ஒட்டினால் அதுவும் நோய் என்று படிப்பார்கள். அது நோய் இல்லை. தன்பால் ஈர்ப்பை 1990-லேயே உலக சுகாதார நிறுவனம் நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. அவர்களுக்கு மனவருத்தம் வருவது உண்மை, ஆனால் அது நாம் நடத்துகிற விதத்தால் வருவது.

நாம் நடத்துகிற விதம் என்றேன். ஒன்பது என்கிற எண்ணைச் சொல்லி ஒரு பையனைக் கிண்டல் செய்தது நம்மில் பலருக்குத் தெரியும். அவன் பெஞ்சில் யாரோ காம்பஸ் முனையால் அவனைச் சேலை கட்டின மாதிரி கீறி வைத்தார்கள். அதுவும் படம்தான். அவன் யார், எப்படிப்பட்டவன் என்று யாருக்கும் தெரியாது, மெதுவாகப் பேசுவான், அவ்வளவுதான். இரண்டு வாரம் அவன் அந்த பெஞ்சில் உட்காரவில்லை, கடைசி வரிசைக்குப் போய்விட்டான். பால்புதுமையர் பேச்செல்லாம் பள்ளிக்கூடச் சுவரில் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதுதான் என் பதில். பேச்சு ஏற்கெனவே பெஞ்சில் இருக்கிறது. சுவரில் இருந்தால் அது நல்லவிதமாகவாவது இருக்கும்.

"படத்தைப் பார்த்ததும் விஷயம் புரிய வேண்டாமா, சக்கர நாற்காலி இல்லாம எப்படி?" என்று வரையும் அண்ணன்கள் கேட்கிறார்கள். தலைப்பு எதுக்கு இருக்கு அண்ணா? விஷயத்தைத் தலைப்பு சொல்லும், படம் ஆளைக் காட்டினால் போதும்.

இதைச் செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். பொள்ளாச்சியைச் சேர்ந்த கல்கி சுப்ரமணியம் என்ற திருநங்கை ஓவியர், திருநங்கைகள் தங்கள் கதையைத் தாங்களே தாளில் எழுதி, சிவப்புச் சாயத்தில் கை பதித்து வைக்கும்படி செய்தார். சிவப்புச் சுவர் என்று அதற்குப் பெயர். 2016-ல் பெங்களூரில் பூர்ணிமா சுகுமார் தொடங்கிய ஒரு குழுவில் திருநங்கைகளே தெருச் சுவர்களில் பெரிய பெரிய ஓவியம் வரைகிறார்கள். 2024-ல் இத்தாலி நாட்டு வெனிஸ் கண்காட்சி வரை போய்ச் சுவர் வரைந்துவிட்டு வந்தார்கள். அந்தக் குழுவின் பெயர் என்ன தெரியுமா? அரவாணி ஆர்ட் புராஜெக்ட். அரவானிலிருந்து வந்த பெயர். நம்ம பக்கத்துக் கூவாகத்து அரவான் வெனிஸ் வரைக்கும் போயிருக்கிறார், நாம் இன்னும் பாதி முகத்தில் கோடு கிழித்துக்கொண்டிருக்கிறோம்.

டிசம்பர் இதழுக்குக் கபடி படம் வரைவதாக முடிவு செய்திருக்கிறேன். அந்தத் தம்பி சரி சொல்லிவிட்டான், முகம் மட்டும் தன்னை மாதிரி இருக்கக் கூடாதாம், சட்டை நம்பர் 7 வேணுமாம். எனக்குக் கால் சரியாக வரைய வராது. வரையத் தெரிந்தவர்கள் வெள்ளிக்கிழமை மதிய சாப்பாட்டு நேரத்தில் வேப்பமரத்தடிக்கு வாங்க. சார்ட் இருக்கிறது. பிரவுன் ஸ்கெட்ச் பேனா காய்ந்துபோச்சு, யாரிடமாவது இருந்தால் எடுத்து வாங்க.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி