கிண்டல் அல்ல, கிண்டத்தான் வேண்டும்!

தலைப்பைப் பார்த்ததும், "ஆயுசு முழுக்கத் தண்டவாளம் பார்த்த மனிதருக்கு ஓய்வு பெற்றதும் என்ன ஆயிற்று?" என்று நம் அன்பர்கள் சிலர் சிரிக்கக்கூடும். சிரியுங்கள். நான் எழுத வந்தது வீட்டு அடுப்பில் கஸ்டர்ட் காய்ச்சுவதைப் பற்றி. தாய்மார்கள் வேண்டுமானால் அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம். அவர்களுக்குத் தெரியாத எதையும் நான் சொல்லிவிடப் போவதில்லை. ஆனால் ஆண்கள், அதிலும் பென்ஷன் வாங்கும் ஆண்கள், தயவுசெய்து கடைசி வரி வரை படித்துவிட்டுப் போக வேண்டும்.

நான் தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமத்துப் பிள்ளை. சிவில் டிப்ளமாவைக் கையில் வைத்துக்கொண்டு 1983-இல் கரக்பூரில் வந்து இறங்கினேன். எங்கள் ஊரில் இனிப்பு என்றால் பாயசம், கேசரி, தீபாவளிக்கு அதிரசம். கஸ்டர்ட் என்ற சொல்லையே நான் கேட்டதில்லை. 1987-இல் திருமணமாகி ரயில்வே குவார்ட்டர்ஸில் குடித்தனம் தொடங்கியபோது, பக்கத்து வீட்டில் ஓர் ஆங்கிலோ இந்திய டிரைவர் குடும்பம் இருந்தது. அந்த வீட்டு ஆன்ட்டிதான் என் மனைவிக்குக் கஸ்டர்ட் காய்ச்சக் கற்றுக்கொடுத்தவர். பதிலுக்கு இவள் அவருக்கு ரசம் வைக்கக் கற்றுக்கொடுத்தாள். அவருக்குத் தமிழ் தெரியாது; இவளுக்கு ஆங்கிலம் வராது; இருவருக்கும் அரைகுறை இந்தி. ஆனாலும் கஸ்டர்டும் சரியாக வந்தது, ரசமும் சரியாக வந்தது.

எனக்கு லைன் டியூட்டி. டிராலியில் போனால் எப்போது திரும்புவேன் என்று எனக்கே தெரியாது. குளிர்கால இரவுகளில் வீடு திரும்பும்போது, மேசையில் ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி, அதன் நடுவே கஸ்டர்ட் கிண்ணத்தை மூடி வைத்திருப்பாள். தண்ணீர் எறும்புக்கு அணை. வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லாத காலம் அது. நான் கை கழுவிவிட்டு வந்து, நின்றபடியே அதைக் காலி செய்துவிட்டுப் படுத்துவிடுவேன். அது எப்படி உருவாயிற்று, அதற்காக அடுப்பு முன்னால் யார் எவ்வளவு நேரம் நின்றார்கள் என்றெல்லாம் 35 வருடங்களில் ஒருநாளும் யோசித்ததில்லை.

2022 மழைக்காலத்தில் யோசிக்க வேண்டி வந்தது. என் மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. பையன் பெங்களூரில், பெண் புனேயில். இருவரும், "லீவு போட்டு வரட்டுமா?" என்று கேட்டார்கள். "வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று வீரமாகச் சொல்லிவிட்டேன். முதல் இரண்டு நாள் பக்கத்து வீட்டு வங்காள அம்மாள் சாப்பாடு கொடுத்தார். மூன்றாம் நாள் நான் சாதம் வைத்தேன். அதைப் பற்றி எழுதாமல் விடுவதே எனக்கு மரியாதை.

அந்த வாரக் கடைசியில், மாத்திரை சாப்பிட்டு நாக்கு கசந்துபோய், "என்னங்க, வாய்க்குக் கொஞ்சம் கஸ்டர்ட் இருந்தா நல்லா இருக்கும். உங்களுக்கு எதுக்குச் சிரமம், விடுங்க" என்றாள். விட முடியுமா? பாலைக் கொதிக்க வைத்து, மஞ்சள் பொடியை இரண்டு கரண்டி நேராக அதில் கொட்டினேன். கண்ணெதிரே கட்டி கட்டியாகத் திரண்டது. ஜல்லி கொட்டிய லைனே தோற்றுப்போகும். இரண்டாவது முறை பொடியைப் பச்சைப் பாலில் கரைத்துத்தான் ஊற்றினேன். ஆனால் நடுவில் தொலைபேசி மணி அடித்தது. போய்ப் பேசிவிட்டு வருவதற்குள் அடி பிடித்து, வீடெல்லாம் தீய்ந்த வாசம்.

மூன்றாவது முறை, ஒரு ஸ்டூலைப் போட்டு அவளே சமையலறையில் வந்து உட்கார்ந்தாள். "கரண்டியைக் கீழே வைக்காதீங்க. வேற எங்கயும் பார்க்காதீங்க." அவ்வளவுதான் அவள் சொன்னது. பத்து நிமிடத்தில் கஸ்டர்ட் வந்தது. ஆறவைத்து ஒரு கிண்ணத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். இடது கையால் ஸ்பூனைப் பிடித்து இரண்டு வாய் சாப்பிட்டாள். பிறகு கிண்ணத்தைப் பார்த்தபடியே, "எனக்குன்னு ஒருத்தர் அடுப்பு முன்னாடி நின்னு செஞ்சு குடுத்து எத்தனை வருஷமாச்சு! எங்கம்மா போனதுக்கப்புறம் இப்பதான்" என்றாள். அவள் அம்மா காலமானது 1994-இல்.

குறை சொல்லும் குரலில் அவள் அதைச் சொல்லவில்லை. அதனால்தான் இன்றுவரை எனக்கு உறைக்கிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கஸ்டர்ட் பெரிய வித்தை அல்ல. அரை லிட்டர் பால், இரண்டு மேசைக்கரண்டி கஸ்டர்ட் பொடி, மூன்று மேசைக்கரண்டி சர்க்கரை. பாலில் கால் டம்ளரை ஆறின நிலையில் தனியாக எடுத்துவைத்து, பொடியை அதில்தான் கரைக்க வேண்டும். ஏன் என்று கேட்காமல் ஒரு வேலையைச் செய்வது எனக்குப் பழக்கமில்லை, கேட்டுத் தெரிந்துகொண்டேன். இந்தப் பொடி பெரும்பாலும் சோள மாவு. கொஞ்சம் நிறமும் வாசனையும் சேர்த்தது. மாவு சூட்டில் நீரை உறிஞ்சி உப்பும். சூடான பாலில் நேராகக் கொட்டினால், ஒவ்வொரு கட்டியின் வெளிப்புறம் மட்டும் உடனே வெந்து பசையாகி, உள்ளே இருக்கும் மாவுக்கு ஈரம் போகாமல் அடைத்துவிடும். அதன் பிறகு எவ்வளவு கிண்டினாலும் பயனில்லை. ஆறின பாலில் முதலில் துகள் துகளாகப் பிரித்துவிட்டால் அந்த வம்பே இல்லை.

மீதிப் பாலை அடி கனமான பாத்திரத்தில் காய்ச்சி, சர்க்கரை சேர்த்து, தீயைக் குறைத்து, கரைசலை இன்னொரு முறை கலக்கிவிட்டு மெல்ல ஊற்ற வேண்டும். ஒரு கை ஊற்றும்போதே மறுகை கிண்ட வேண்டும். கரண்டி பாத்திரத்தின் அடியையும் ஓரத்தையும் தொட்டுக்கொண்டே போக வேண்டும், பிடிப்பது அங்கேதான். மூன்று நான்கு நிமிடத்தில் கெட்டியாகி 'பொளக், பொளக்' என்று குமிழி விடும். கரண்டியின் முதுகில் பூசினாற்போல ஒட்டினால் இறக்கிவிடலாம். ஆறும்போது இன்னும் கெட்டியாகும் என்பதால், கொஞ்சம் தளர இருக்கும்போதே இறக்குவது புத்திசாலித்தனம். ஏடு படியாமல் இருக்க, ஆறும்வரை அவ்வப்போது கிளறிவிட வேண்டும். பழங்களை நன்றாக ஆறிய பிறகுதான் சேர்க்க வேண்டும். பச்சை அன்னாசி மட்டும் வேண்டாம். பாலோடு சேர்ந்தால் கசக்கும்.

ஆன்ட்டி செய்தது முட்டை கஸ்டர்ட். அதன் குணம் நேர்மாறு. பொடி கஸ்டர்ட் கொதி காண வேண்டும். முட்டை கஸ்டர்ட் கொதிக்கவே கூடாது. ஏறக்குறைய 80 டிகிரியில் மஞ்சள் கரு பாலைக் கெட்டியாக்கும். கொதிக்க விட்டால் திரிந்துவிடும். வெயில் காலத்தில் தண்டவாளத்தின் சூட்டை வெப்பமானி வைத்துப் பார்த்து, அளவு தாண்டினால் ரோந்துக்கு ஆள் அனுப்பியவன் நான். ஆன்ட்டியும் என் மனைவியும் வெப்பமானி இல்லாமல், கரண்டியின் முதுகைப் பார்த்தே அதைக் கணித்திருக்கிறார்கள்.

இந்தப் பொடியின் கதையும் நம் ஆண்கள் தெரிந்துகொள்ள வேண்டியது. இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரத்தில் ஆல்ஃபிரட் பேர்ட் என்று ஒரு மருந்துக்கடைக்காரர் இருந்தார். அவர் மனைவிக்கு முட்டை ஒத்துக்கொள்ளாது. முட்டை இல்லாமல் அவருக்குக் கஸ்டர்ட் கிடைக்க வேண்டும் என்று முயன்று, 1837-இல் சோள மாவை வைத்து இந்தப் பொடியைக் கண்டுபிடித்தார். இன்று முட்டையே தொடாத நம் வீடுகளிலும் கஸ்டர்ட் நுழைந்திருக்கிறது என்றால், மனைவியின் வாய்க்குப் பிடித்தது கிடைக்க வேண்டுமே என்று ஒரு கணவன் மெனக்கெட்டதுதான் காரணம். நாமோ அந்தப் பொடி டப்பா எந்த அலமாரியில் இருக்கிறது என்றுகூடத் தெரியாமல் வாழ்ந்திருக்கிறோம்.

"வீட்டு வேலை வீட்டுக்காரி வேலை, இதில் என்ன அதிசயம்?" என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஊரில் என் அம்மாவுக்குக் காய்ச்சல் என்றால், அத்தை அடுப்பைப் பிடிப்பாள். சித்தி பால் காய்ச்சுவாள். பாட்டி பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டுவாள். அம்மா படுத்துக்கொள்ளலாம். பிழைப்புக்காக 1,500 கிலோமீட்டருக்கு மேல் தாண்டி வந்த நாம், அத்தையையும் சித்தியையும் பாட்டியையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தோம். அவர்கள் மூவரும் செய்த வேலையை மட்டும் விட்டுவிட்டு வரவில்லை. அதை ஒருத்தி தலையில் ஏற்றினோம். காய்ச்சல் வந்தாலும் படுக்க முடியாத வாழ்க்கை அது. எனக்கு 60 வயதில் மாலை போட்டு, மேடையில் உட்காரவைத்து, பாராட்டிப் பேசி அனுப்பினார்கள். மறுநாள் காலையும் அவள் ஐந்தரைக்கு எழுந்து அடுப்பைப் பற்ற வைத்தாள்.

"என் மனைவி என்னைச் சமையலறைக்குள் விடுவதே இல்லை" என்று சில நண்பர்கள் சொல்கிறார்கள். உண்மைதான். என் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால், அவள் தடுத்ததற்குக் காரணம் நான் செய்துவைக்கும் அலங்கோலம். கற்றுக்கொண்டு, பாத்திரத்தையும் கழுவி வைத்துவிட்டு வந்தால் யாரும் தடுக்கப் போவதில்லை. தாய்மார்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. பெண் பிள்ளைக்கு மட்டும் கரண்டியைக் கொடுத்து, ஆண் பிள்ளையை, "நீ போய்ப் படி" என்று அனுப்பும் வழக்கத்தை நிறுத்துங்கள். அப்படி அனுப்பி வளர்க்கப்பட்டவன்தான் நான்.

"இப்போதுதான் எல்லாம் போனிலேயே வரவழைக்கலாமே?" என்பார்கள். வரும். கிண்ணமும் வரும், ஸ்பூனும் வரும். ஆனால் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்தவள் கேட்டது இனிப்பு மட்டும் அல்ல என்பது எனக்கு அன்றைக்கே புரிந்தது.

நம் வயதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. இருவரில் ஒருவர் முன்னால் போவார். அது யார் என்று நமக்குத் தெரியாது. பால் காய்ச்சக்கூடத் தெரியாத கிழவனாகத் தனியே நிற்பதைவிட, இன்றைக்கே கற்றுக்கொண்டு, கற்றதை அவளுக்கும் கொடுத்துவிடுவது நல்லது. கஸ்டர்டில் தொடங்குங்கள். தப்பினாலும் அரை லிட்டர் பாலோடு நஷ்டம் முடிந்தது.

முடிவாக ஒரு யோசனை. ஒவ்வொரு பொங்கல் விழாவிலும் ஆண்கள் மேடையில் இருக்கிறோம். பெண்கள் பாதி நிகழ்ச்சியைப் பந்தி வேலையில் விட்டுவிடுகிறார்கள். வரும் பொங்கலுக்குச் சர்க்கரைப் பொங்கல் அவர்கள் கைப்பக்குவமாகவே இருக்கட்டும். பந்தியின் கடைசியில் பரிமாறும் பழக் கஸ்டர்டை மட்டும் ஓய்வு பெற்ற ஆண்கள் நாம் செய்வோம். அந்த நேரத்தில் பெண்கள் முன் வரிசையில் உட்கார்ந்து நிகழ்ச்சியைப் பார்க்கட்டும். முதல் பெயராக என் பெயரைச் செயலாளர் எழுதிக்கொள்ளலாம். கரண்டியை நானே கொண்டு வருகிறேன்.