மூன்று வருஷ ஞாயிற்றுக்கிழமைகள்

போன ஞாயிற்றுக்கிழமை என்னை ஒட்டடை அடிக்கச் சொல்லியிருந்தாள் மனைவி. நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

கணக்கின் விடை எனக்கு முன்னாலேயே தெரியும்: 147573952589676412927. யாருடைய ஆதார் நம்பரோடோ போன் நம்பரைச் சேர்த்து எழுதி, ஓர் இலக்கத்தை விட்டுவிட்ட மாதிரி இருக்கிறதல்லவா? 67 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, அதில் ஒன்றைக் கழித்தால் வரும் எண் இது.

1644-ல் மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி, இது பகா எண் என்று எழுதி வைத்தார். அதாவது, ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எதனாலும் மீதியில்லாமல் வகுபடாது. பெரியவர் சொன்னால் பெருமாள் சொன்ன மாதிரி. 1876-ல்தான் லூக்கா என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர், 'இல்லை, வகுபடும்' என்று நிரூபித்தார். எதனால் வகுபடும்? அது அவருக்கும் தெரியாது. வீட்டுக்குள் திருடன் இருப்பது நிச்சயம், எந்த ரூமில் என்பதுதான் தெரியாது!

1903 அக்டோபர். நியூயார்க்கில் அமெரிக்கக் கணிதக் கழகத்தின் கூட்டம். ஃபிராங்க் நெல்சன் கோல் என்ற பேராசிரியர் எழுந்து கரும்பலகைக்குப் போனார். ஒரு பக்கம் இந்த எண்ணை எழுதினார். மறுபக்கம் 193707721 × 761838257287 என்று எழுதி, பொறுமையாகப் பெருக்கினார். இரண்டும் ஒன்று. ஒரு வார்த்தை பேசாமல் போய் உட்கார்ந்துவிட்டார், ஒரே கைதட்டல் என்று கதை சொல்வார்கள். 'எவ்வளவு நாளாயிற்று?' என்று பின்னால் கேட்டதற்கு, 'மூன்று வருஷ ஞாயிற்றுக்கிழமைகள்' என்றாராம்.

அந்தப் பெருக்கலைத்தான் நான் போட்டுப் பார்த்தேன். முக்கால் மணி நேரம். விடை தப்பு. மகள் எட்டிப் பார்த்தாள்.

"நடுவுல பூஜ்யம் இருக்குப்பா. பூஜ்யம்தானேன்னு விட்டுட்டீங்க. அதுக்கும் ஒரு இடம் தள்ளணும். அப்புறம், ஏழு மூணு தடவை வருது. ஒரு தடவை பெருக்கிட்டு அதையே எழுதக் கூடாதா?"

பத்தே நிமிஷத்தில் விடை வந்துவிட்டது.

பெருக்கப் பத்து நிமிஷம், பிரிக்க மூன்று வருஷம். இந்த வித்தியாசத்தைத்தான் 1977-ல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் மூவரும் பூட்டாக்கினார்கள். இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்கி, விடையை ஊருக்கே காட்டலாம். அந்த இரண்டை மட்டும் ஒளித்து வைத்தால் போதும். கோல் பிரித்த எண்ணை இன்றைய கம்ப்யூட்டர் கண் சிமிட்டுவதற்குள் பிரித்துவிடும். அதனால் இப்போது பூட்டுக்கு 617 இலக்க எண்கள். அவற்றைச் சுலபமாகப் பிரிக்க யாராவது வழி கண்டுபிடித்தால், பாங்க்காரர்கள் பூட்டை மாற்றத் தலைதெறிக்க ஓட வேண்டியதுதான்.

இத்தனையையும் மனைவியிடம் உற்சாகமாகச் சொன்னேன். முழுசாகக் கேட்டாள்.

"மூணு வருஷ ஞாயிற்றுக்கிழமையா? அந்த வீட்டுல ஒட்டடை யாரு அடிச்சாங்களாம்?"

எந்தக் கரும்பலகையிலும் இதற்கு விடை இல்லை. ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போய், ஒட்டடைக் கம்பை எடுத்தேன்.