பழைய குளிர்ப்பெட்டியும் புதிய கடனும்

உறையூர் நெசவாள அங்கத்தினர் ஒருவர், தமது பதினைந்தாண்டுக் குளிர்சாதனப் பெட்டி குளிர்வதில்லையென்று கூறி, புதிது வாங்கச் சங்கத்தில் கடன் மனுச் செய்திருக்கிறார். கடனுக்கு முன் பெட்டியைத் தணிக்கை செய்வதே முறையென நாம் கருதுகிறோம்.

கதவிடுக்கில் ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். பிடிப்பின்றி வருமாயின் ரப்பர் விளிம்பு தளர்ந்துவிட்டது. அதை மாற்றச் செலவு சொற்பமே. பின்புறக் கம்பிச் சுருளில் தூசி படிந்தாலும் (தறி வீட்டில் பஞ்சுத் தூசிக்குப் பஞ்சமா?) வெப்பம் வெளியேறாது, பெட்டி குளிராது. மின்னிணைப்பைத் துண்டித்துத் துடைத்தால் போதும்.

கம்பிரஸரே பழுதுற்றால் அன்றோ விஷயம் வேறு! கசிவை அடைக்காமல் வாயுவை மட்டும் நிரப்புவது விழலுக்கிறைத்த நீர். முக்கொம்பில் 1836-இல் எழுந்த மேலணைக்கும் அந்நாள் வந்தது. 2018 ஆகஸ்டில் கொள்ளிடப் பகுதியில் ஒன்பது மதகுகள் சரிந்தன. தற்காலிக அடைப்புக்குப் பின் பக்கத்திலேயே புதிய கதவணை எழுப்ப நேர்ந்ததை ஸ்ரீரங்கத் தீவின் வாழை விவசாயிகள் அறிவர்.

பழுதுச் செலவு புதுப்பெட்டி விலையில் பாதியைத் தாண்டினால் கடன் வழங்கலாம். நட்சத்திரச் சீட்டில் அச்சிட்ட ஆண்டு யூனிட் கணக்கையும் பார்த்து வாங்கட்டும். ரப்பர் விளிம்புக்காக மாதக் கூலியில் ஈராண்டுப் பிடித்தம் என்பதற்கு நமது சம்மதமில்லை.