வாப்பிங் கசாப்புக்காரரின் கடைசிப் பிள்ளை

விக்டோரியா மகாராணி காலத்து லண்டன் கசாப்புக்காரர் ஒருவரின் குடும்பக் கதையைத் தோண்டியெடுக்க எவ்வளவு செலவாகும்? ஜார்ஜ் ஆர்ட்டன் என்பவரின் குடும்பம் தொடர்பாக நடந்த வழக்குகளுக்கு ஏறக்குறைய 90,000 பவுண்டு ஆனது. கொடுத்தவர்கள், ஹாம்ப்ஷயரில் தலைமுறை தலைமுறையாக நிலபுலன்களோடு வாழ்ந்த டிச்போர்ன் பிரபுக் குடும்பத்தார். எல்லாம் அந்தக் கறிக்கடையின் கடைசிப் பிள்ளையால் வந்த வினை.

பொதுவாக இத்தகைய குடும்பங்களைத் தேடுகிறவர்களுக்குக் கிடைப்பது நாலைந்து வரிகள். இங்கிலாந்தில் பிறப்பு, இறப்பு, திருமணத்தை அரசாங்கம் பதிய ஆரம்பித்தது 1837 ஜூலையில். 1841 கணக்கெடுப்பில் பெயரும் தொழிலும் உண்டு. ஆனால் பதினைந்தைத் தாண்டியவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொல்லிவிட்டார்கள். 34 வயதுக்காரர் தாளில் 30 ஆகிவிடுவார். 1851இலிருந்துதான் பிறந்த ஊரும் வீட்டுத் தலைவருக்கு என்ன உறவு என்பதும் சேர்ந்தன. அந்த ஆண்டின் கணக்கில் எனக்குப் பிடித்த ஒரு விஷயம் உண்டு. கசாப்புக்காரரின் மனைவி என்பதையே ஒரு தொழிலாக வகைப்படுத்தியிருக்கிறார்கள். விவசாயியின் மனைவி, சத்திரக்காரரின் மனைவி, செருப்புத் தைப்பவரின் மனைவிக்கும் அதே மரியாதை. வீடும் கடையும் ஒரே கூரையின் கீழ் இருந்தால் அந்தப் பெண் சும்மா இருக்க முடியாது என்பது கணக்கெடுத்த கனவான்களுக்கே தெரிந்திருக்கிறது. வக்கீலின் மனைவிக்கு இந்தப் பெருமை கிடைக்கவில்லை.

ஆர்ட்டன் குடும்பம் இருந்தது வாப்பிங் ஹை ஸ்ட்ரீட், 69ஆம் எண். தேம்ஸ் கரையோரக் கப்பல்துறைப் பகுதி. ஜார்ஜ் தெருவாசிகளுக்குக் கறி வெட்டிக் கொடுத்ததோடு, புறப்படும் கப்பல்களுக்குச் சரக்கும் சப்ளை செய்தார். அந்தக் குடும்பத்தின் பன்னிரண்டாவது பிள்ளை, கடைக்குட்டி, ஆர்தர். 1834 மார்ச் 20இல் பிறந்தவன். சிறு வயதில் கைகால் வெட்டி இழுக்கும் நோய் இருந்தது. 1848இல் கப்பலில் ஏற்றி அனுப்பினார்கள். பையன் தென் அமெரிக்காவின் சிலி நாட்டில், வால்பரைசோவில் கப்பலை விட்டு ஓடி, உள்நாட்டில் மெலிபில்லா என்ற ஊருக்குப் போய்ச் சேர்ந்தான். அங்கே காஸ்ட்ரோ என்ற குடும்பம் அவனைப் பிள்ளைபோல வைத்துக்கொண்டது. 1851இல் வாப்பிங் திரும்பி அப்பாவின் தொழிலைக் கற்றான். மாடு அறுப்பதில் கைதேர்ந்தவன் ஆனான். மேரி ஆன் லோடர் என்ற பெண்ணோடு பழக்கம். 1852 கடைசியில் இரண்டு ஷெட்லாண்டு மட்டக்குதிரைகளைக் கப்பலில் பார்த்துக்கொள்ளும் வேலையோடு ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட் நகருக்குப் போனான். 1854க்குப் பிறகு வீட்டுக்குக் கடிதம் நின்றுபோனது.

அதே 1854இல்தான் டிச்போர்ன் வாரிசான ரோஜர், ரியோ டி ஜெனிரோவிலிருந்து கிளம்பிய 'பெல்லா' கப்பலோடு கடலில் காணாமல் போனார். பாரிஸில் வளர்ந்தவர், ஒல்லியானவர், பிரெஞ்சு உச்சரிப்போடு ஆங்கிலம் பேசியவர். மகன் செத்துவிட்டான் என்பதைத் தாய் கடைசிவரை ஏற்கவில்லை. 1865இல் ஆஸ்திரேலியப் பத்திரிகைகளில் விளம்பரம் கொடுத்தார். வாகா வாகா ஊரில் தாமஸ் காஸ்ட்ரோ என்ற கறிக்கடைக்காரர் கடனில் மூழ்கிக்கிடந்தார். ரோஜருடைய பெயரின் முதலெழுத்துகள் பொறித்த புகைக்குழாய் ஒன்று அவரிடம் இருந்தது. உள்ளூர் வக்கீல் அதைக் கவனித்தார். நான்தான் ரோஜர் என்றார் காஸ்ட்ரோ. வக்கீல் எழுதச் சொன்ன உயிலில் தாயின் பெயரை ஹன்னா பிரான்சஸ் என்று எழுதினார். அம்மாவின் பெயர் ஹென்ரியட் ஃபெலிசிட்டே. அப்படியும் வண்டி ஓடியது. 1867 ஜனவரியில் பாரிஸில் பார்த்த அன்றே தாய் மகனை அடையாளம் கண்டுகொண்டார். ஆண்டுக்கு 1,000 பவுண்டு படியும் கொடுத்தார்.

ஆனால் அதற்குச் சில நாள் முன்பு, 1866 கிறிஸ்துமஸ் சமயத்தில், லண்டனில் இறங்கிய கையோடு அந்த மனிதர் வாப்பிங்குக்குப் போய், ஆர்ட்டன் குடும்பத்தார் எங்கே என்று விசாரித்திருந்தார். தன்னை ஆர்தருடைய சிநேகிதன் என்று சொல்லிக்கொண்டார். ஆர்தர் இப்போது ஆஸ்திரேலியாவிலேயே பெரிய பணக்காரர்களில் ஒருவன் என்றும் சேர்த்துக்கொண்டார். ஒரு பிரபுவின் மகனுக்குக் கப்பல்துறைக் கசாப்புக்காரரின் வீட்டில் என்ன வேலை? ஸ்காட்லாந்து யார்டிலிருந்து ஓய்வுபெற்று, டிச்போர்ன் தரப்புக்காகத் துப்புத் துலக்கிய ஜோனதன் விச்சர் இந்த நூலைத்தான் பிடித்துக்கொண்டார். மேரி ஆன் லோடரைத் தேடிப் பிடித்தார். அவர் பார்த்ததும் இது ஆர்தர்தான் என்றார். சிலியில் மெலிபில்லாக்காரர்களை விசாரித்தால், டிச்போர்ன் என்று யாரையும் தெரியவில்லை. ஆர்தர் என்ற இங்கிலீஷ் பையனைத்தான் ஞாபகம் இருந்தது. ஆர்தரின் சகோதரர் சார்லஸுக்கு அந்த மனிதரிடமிருந்து மாதம் 5 பவுண்டு போய்க்கொண்டிருந்ததும் வெளியே வந்தது.

குடும்ப வரலாறு தேடுகிறவர்கள் இங்கே கற்க வேண்டியது உண்டு. நாம் எப்போதும் பெயரைப் பிடித்துக்கொண்டு போகிறோம். பெயரை ஆர்தர் சிலியில் தங்கிய வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டார். தொழிலை மாற்ற முடியவில்லை. ஹோபார்ட்டிலும் வாகா வாகாவிலும் சோறு போட்டது வாப்பிங்கில் அப்பா கற்றுக்கொடுத்த கத்திதான். ஆவணத்தில் பெயர் அறுந்துபோகிற இடத்தில் தொழிலைத் தொடருங்கள் என்பேன்.

டிச்போர்ன் சொத்தைக் கேட்டு அவர் போட்ட வழக்கு 1871 மே மாதம் தொடங்கி 1872 மார்ச்சில் சரிந்தது. ரோஜரின் கையில் பச்சை குத்தியிருந்தது என்று பள்ளித் தோழர் சாட்சி சொன்னார். இவர் கையில் அது இல்லை. அடுத்து பொய்ச் சாட்சிக்கான கிரிமினல் வழக்கு, 188 நாள் விசாரணை. ஆர்ட்டன் சகோதரிகளைக் கூண்டில் ஏற்றி, இவர் எங்கள் தம்பி இல்லை என்று சொல்லவைத்திருந்தால் பாதி வழக்கு முடிந்திருக்கும். அவருடைய வக்கீல் எட்வர்ட் கெனீலி அவர்களை அழைக்கவே இல்லை. என்னைப் பொறுத்தவரை தீர்ப்பு அங்கேயே வந்துவிட்டது. 1874 பிப்ரவரி 28இல் ஜூரிகள் அரைமணி நேரத்தில் இவர் ஆர்தர் ஆர்ட்டன் என்றார்கள். பதினான்கு ஆண்டுச் சிறை.

இதில் வேடிக்கை, ஏழை உழைப்பாளிகள் பெருங்கூட்டமாக அவர் பக்கம் நின்றதுதான். 100 பவுண்டு முகமதிப்புள்ள 'டிச்போர்ன் பத்திரங்கள்' விற்றன. கெனீலி 1875இல் பார்லிமெண்ட் உறுப்பினரானார். விசாரணைக் கமிஷன் கேட்ட அவருடைய தீர்மானம் 433க்கு 1 என்ற ஓட்டில் தோற்றது. உழைக்கிற கையைக் கண்டு பிரபுக்கள் சொந்த ரத்தத்தையே ஒதுக்குகிறார்கள் என்று கூட்டம் கொதித்தது. கசாப்புக்காரர் மகன் கசாப்புக்காரர் மகனாகவே மதிப்போடு இருக்கலாம் என்று கேட்கத்தான் ஆளில்லை. நம் இலக்கிய வாசகர்களுக்குப் போர்ஹெஸ் எழுதிய டாம் காஸ்ட்ரோ கதை தெரிந்திருக்கும். அவர் டிச்போர்ன் குடும்பத்தின் பழைய வேலைக்காரர் போகிளைச் சூத்திரதாரி ஆக்கிவிட்டு, வாப்பிங் கடையை ஓரிரு வரியில் தாண்டிப் போய்விடுகிறார். எனக்கு அந்தக் கடைதான் முக்கியம். பிரபுவின் சொத்துக்கு ஆபத்து வந்ததால் மட்டுமே ஒரு கறிக்கடைக் குடும்பத்தின் நோய், காதல், கடிதம், மட்டக்குதிரை எல்லாம் கோர்ட்டு ஏட்டில் ஏறின. பக்கத்துக் கடைக்காரர்களுக்கு அந்த 'பாக்கியம்' வாய்க்கவில்லை.

1884இல் விடுதலையானவர், 1895இல் பணத்துக்காக ஒரு பத்திரிகையில் நான் ஆர்ட்டன்தான் என்று ஒப்புக்கொண்டார். பிறகு அதையும் மறுத்தார். 1898 ஏப்ரல் முதல் தேதி வறுமையில் இறந்தார். சவப்பெட்டியில் 'சர் ரோஜர் சார்ல்ஸ் டௌட்டி டிச்போர்ன்' என்று எழுதிய அட்டை வைக்க டிச்போர்ன் குடும்பமே சம்மதித்தது. பாடிங்டன் கல்லறையின் பதிவேட்டிலும் டிச்போர்ன் என்ற பெயர்தான் ஏறியது. வாப்பிங் ஆர்ட்டன் குடும்பத்தின் வம்சாவளியைத் தேடுகிறவர்கள், கடைசிப் பிள்ளையை அந்தப் பெயரில்தான் தேட வேண்டும்.