பொதுப் பணத்துக்கு அழியாத கணக்கு!

தூத்துக்குடிக் கரையில் முத்துக்குளித்த காலம் ஒன்று இருந்தது. 1961ஆம் ஆண்டோடு அது நின்றது. ஆங்கிலேயர் ஆட்சியில், அள்ளி வந்த சிப்பியைக் கரையிலே மூன்று குவியலாக்குவார்கள். இரண்டு சர்க்காருக்கு, ஒன்று, உயிரைப் பணயம் வைத்து மூழ்கியவனுக்கு! பங்கு அநியாயம்தான். ஆனால், பங்கிட்டது வெட்டவெளியில், மூழ்கியவன் கண்ணெதிரே.

இன்று நம் கரிசல்காட்டு விவசாயிக்கு அந்த வாய்ப்பாவது உண்டா? விளாத்திகுளத்து மிளகாயும் கோவில்பட்டி உளுந்தும் உழவர் உற்பத்தியாளர் கம்பெனிகள் மூலமாகவும் விற்பனைக்குப் போகின்றன. சாக்குக்கு எவ்வளவு, வண்டிக்கு எவ்வளவு, கழிவு எவ்வளவு, கைக்கு எவ்வளவு? விடை கம்ப்யூட்டருக்குள் கிடக்கிறது. அந்தக் கணக்கை எக்செல் தாளில் எழுதுவதா, டாலி போன்ற கணக்கு மென்பொருளில் எழுதுவதா? குமாஸ்தா விவகாரம், நமக்கென்ன என்று ஒதுக்குவதற்கில்லை. உழைத்தவன் கைக்கு வரவேண்டிய காசின் விவகாரம் இது!

எக்செல் தாளை நாம் இகழவில்லை. ஐந்து ஏக்கர்க்காரர் விதை, உரம், உழவு, களையெடுப்புக் கூலி என்று எழுதி, அடுத்த விதைப்புக்குத் திட்டமிட அது நல்ல துணை. பணம் அவருடையது, பிழை நேர்ந்தால் நட்டமும் அவரோடு போகும்.

பலர் பணம் சேருமிடத்தில் கதை வேறு. கட்டத்தில் இருந்த 9,000ஐ அழித்து 6,000 என்று அடித்தால், தாள் மறுபேச்சின்றி ஏற்றுக்கொள்ளும். வஞ்சகம்கூட வேண்டாம், கைப்பிசகே போதும். அமெரிக்கப் பொருளாதாரப் பேராசிரியர்கள் ரெயின்ஹார்ட், ரோகாஃப் 2010இல் வெளியிட்ட ஆய்வில், எக்செல் சராசரியில் ஐந்து நாடுகள் விடுபட்டுப் போயின. தாமஸ் ஹெர்ன்டன் என்ற மாணவர் 2013இல் அதைக் கண்டுபிடித்தார். அதற்குள், அந்த ஆய்வைக் காட்டி மக்கள் நலச் செலவை வெட்டச் சொல்லி மேல்நாட்டு அரசியல்வாதிகள் வாதாடி முடித்திருந்தார்கள்!

கணக்கு மென்பொருளிலோ பற்றுக்கு எதிரே வரவு நிற்க வேண்டும். தொகை பொருந்தாவிட்டால் பதிவு ஏறாது. அதோடு, மென்பொருளில் கணக்கு வைக்கும் கம்பெனிகள், ஒவ்வொரு திருத்தத்தையும் தேதியோடு பதிந்து வைக்கும் மென்பொருளையே பயன்படுத்த வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அந்தப் பதிவை நிறுத்தி வைக்கவும் வழி இருக்கக்கூடாது. உழவர் கம்பெனியும் கம்பெனிதான். விதி அதற்கும் உண்டு. 9,000 என்றைக்கு 6,000 ஆயிற்று என்பதை இனி மறைப்பது எளிதல்ல!

ஆகவே, பொதுப் பணத்துக்கு மென்பொருளே என்பது நம் முடிவு. செலவாகுமே என்பார்கள். கணக்கு தெரியாமல் இழப்பது அதைவிடப் பெரிய செலவு. ஆனால், வாங்கிய மென்பொருளை ஒருவரே பூட்டி வைத்துக்கொண்டால், பழைய கணக்குப்பிள்ளை போய்ப் புதிய கணக்குப்பிள்ளை வந்ததுதான் மிச்சம். பொய் வவுச்சரைக் கொடுத்தால் எந்திரம் பொய்யைத்தான் கூட்டித் தரும். எனவே, மாதந்தோறும் வரவு செலவைத் தமிழில் அச்சிட்டுச் சுவரில் ஒட்ட வேண்டும். அவரவர் கணக்குச் சீட்டு அவரவர் கைக்கு வர வேண்டும்.

துறைமுகத்தில் மூட்டை சுமக்கும் தோழர்களே! ஊருக்குப் போகும்போது உங்கள் அண்ணன் தம்பிகளிடம் இதைச் சொல்லுங்கள். கூட்டத்தில் எழுந்து நின்று, “கணக்கைக் காட்டுங்கள்!” என்று கேட்கச் சொல்லுங்கள்.

கரையிலே கிடந்த சிப்பிக் குவியலைப் போல, கணக்கும் வெட்டவெளிக்கு வரட்டும்!